கனடாவின் பிரெய்ரி பண்ணைப் பெண்களுக்கு நிலத்தில் பங்கு இருந்ததா?

மேற்குக் கனடாவின் புல்வெளிச் சமவெளியான பிரெய்ரியில், பண்ணையில் ஆணுக்குச் சமமாகப் பாடுபட்ட பெண்களுக்கு நிலத்தில் உரிமை இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. குடியேறுவோருக்கு அரசு நிலம் தரும் 1872 சட்டப்படி 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கிடைத்தது. ஆனால் 1876 திருத்தத்துக்குப் பிறகு, பெண் என்றால், பிள்ளைகளோடு தனித்து நிற்கும் விதவைபோல, குடும்பத்தலைவியாக இருக்க வேண்டும். மணமான பெண்ணுக்கு வேலை மட்டும்தான். வெண்ணெயும் முட்டையும் விற்ற அவள் காசில்தான் பல வீடுகளுக்கு மளிகை வந்தது.

பின்னாளிலும் இதே கதைதான் என்பதற்கு ஆல்பர்ட்டா மாகாணத்துப் பண்ணை மனைவி ஐரீன் மர்டாக் ஓர் உதாரணம். புல் அறுத்தார், லாரி ஓட்டினார், மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார். ஆண்டில் ஐந்து மாதம் கணவர் வெளிவேலைக்குப் போய்விட, பண்ணையை அவரே பார்த்துக்கொண்டார். பிரிந்தபோது பங்கு கேட்டார். எந்தப் பண்ணை மனைவியும் செய்யும் வேலைதானே என்று 1973இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. அன்று எழுந்த எதிர்ப்பால்தான் மாகாணங்கள் அடுத்த சில ஆண்டுகளில் சொத்துச் சட்டங்களை மாற்றின.