ரிட் மனு தேடலில் ‘பதிவு இல்லை’ என்று வருகிறதா?

அப்பாவின் ரிட் மனு எண்ணைப் போட்டால் ‘பதிவு இல்லை’ என்று வருகிறது, ஃபைலே தொலைந்துவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். தொலைந்திருக்காது. நீங்கள் எழுதியுள்ள எண்ணில் அடைப்புக்குறிக்குள் ‘எம்டி’ இருக்கிறதே, அது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நீங்கள் தேடியதோ சென்னை அமர்வில். உயர் நீதிமன்றம் 1862-லிருந்து ஒன்றுதான். ஆனால் 2004 ஜூலையில் திறந்த மதுரைக் கிளைக்கு எண் வரிசை தனி. (வக்கீல்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், நமக்குத் தெரியும் என்று நினைப்பு!)

வழக்கு விவரம் தேடும் இ-கோர்ட்ஸ் தளத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, அமர்வு கேட்கும் பெட்டியில் மதுரை என்று மாற்றுங்கள். அப்புறம் வழக்கு வகை, எண், ஆண்டு. வக்கீல் குமாஸ்தாவிடம் சிஎன்ஆர் எண்ணையும் (ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள அடையாள எண்) கேட்டு வாங்கிவிடுங்கள். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16. நடுவில் கோடோ இடைவெளியோ விடாமல் அடிக்க வேண்டும்.