விலையைக் குறைக்கலாமா, ஓவியத்தைச் சிறிதாக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்: மந்தநிலையில் ஓவியம்

கேள்வி: பதினான்கு ஆண்டுகளாக அக்ரிலிக்கில் வரைகிறேன். ஆண்டுக்கு ஏழெட்டுப் படங்கள் விற்றுவிடும். கடந்த ஓராண்டில் விற்றவை இரண்டுதான். விலையைப் பாதியாக்கினால் வாங்க ஆள் வரும் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?
– ஓர் ஓவியர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். சென்ற ஆண்டு உங்களிடம் முழு விலை கொடுத்து வாங்கியவரும் இதே ஊரில்தான் இருக்கிறார். அதே அளவுப் படம் இன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது என்ற செய்தி, சென்னையின் சின்னக் கலை வட்டத்தில், அடுத்த கண்காட்சித் திறப்பு விழாவில் காபி ஆறுவதற்குள் அவர் காதுக்குப் போய்விடும். அவர் மறுபடி வாங்க மாட்டார் என்பதோடு, தெரிந்தவர்களிடமும் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டார். மேலும், விலையை ஒரே நாளில் இறக்கிவிடலாம். பழைய இடத்துக்கு ஏற்றப் பல கண்காட்சிகள் ஆகும்.

குறைக்க வேண்டியது படத்தின் அளவை. நம் ஊரில் பலர் சதுர அங்குலக் கணக்கில்தான் விலை வைக்கிறார்கள். அங்குலத்துக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 36க்கு 48 கான்வாஸ் 1,728 சதுர அங்குலம், 86,400 ரூபாய். 12க்கு 16 தாளோவியம் அதே கணக்கில் 9,600 ரூபாய்தான். படம் சிறுத்த அளவுக்கு வேலை சிறுப்பதில்லை என்பதால், அதற்குப் பன்னிரண்டாயிரம் கேட்டாலும் தவறில்லை. வருமானம் குறைந்திருக்கும் ஒரு குடும்பம் எண்பதாயிரத்துக்குத் தயங்கும். பன்னிரண்டாயிரத்தை, அதிலும் இரண்டு தவணையில் என்றால், யோசித்துப் பார்க்கும். உங்கள் விலைப்பட்டியலில் ஓர் எண்ணைக்கூட அடித்துத் திருத்த வேண்டியிருக்காது.

தகட்டில் வரைந்து தாளில் அச்செடுக்கும் அச்சோவியமும் ஒரு வழி. கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி மையத்தில் அதற்கான பட்டறை இருக்கிறது. ஒரே தகட்டிலிருந்து இருபது பிரதிகள் எடுத்து, இடப்பக்கக் கீழ் ஓரத்தில் பென்சிலால் 1/20, 2/20 என்று எண்ணிட்டு, வலப்பக்கம் கையெழுத்திட்டு விற்கலாம். ஆனால் இருபதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இருபத்தொன்றாவதை எடுப்பவர் முன்னால் வாங்கிய இருபது பேரையும் ஏமாற்றுகிறார்.

பிழைப்புக்கு வேறு வேலை பார்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கூச்சம் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. 1966இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, அதற்கான நிலமே அவர்கள் செய்து விற்ற பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) முதலான கைவினைப் பொருள்களின் வருமானத்தில்தான் வந்தது. மெழுகும் சாயமும் சோறு போட்டதால், ஓவியத்தை வாங்குபவரின் விருப்பத்துக்கு வளைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பள்ளியில் ஓவிய வகுப்பு எடுப்பதையும் புத்தக அட்டை வரைவதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். ஹோட்டல் அறைகளுக்கு ஒரே படத்தை நாற்பது முறை வரைந்து கொடுப்பதை மட்டும் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது. அது கையைக் கெடுக்கும்.

கேள்வி: பணி ஓய்வுத் தொகையில் ஒரு பகுதி கையில் இருக்கிறது. சந்தை மந்தமாக இருக்கும்போது ஓவியங்களைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்தால் பின்னால் லாபம் வருமா?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: லாபத்துக்காக என்றால் வாங்காதீர்கள். 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலான அதே நாளில் லண்டன் சதபீஸ் ஏலக்கூடத்தில் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்டின் படைப்புகள் ஏலத்துக்கு வந்தன. இரண்டு நாளில் 11 கோடி பவுண்டுக்கு மேல் விற்றன. கலைக்கு மந்தநிலையே கிடையாது என்று அன்று பேசியவர்கள் உண்டு. அடுத்த ஆண்டே, முதலீடாக இந்தியச் சமகால ஓவியங்களை வாங்கிக் குவித்தவர்கள் அவற்றை வாங்க ஆள் தேடி அலைந்தார்கள்.

2025 மார்ச்சில் எம். எஃப். ஹுசைனின் 'கிராம யாத்திரை' நியூயார்க்கில் ஒரு கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் விற்றது உண்மை. ஆனால் அதை 1954இல் வாங்கியவர் ஒரு மருத்துவர்; படம் பல பத்தாண்டுகள் ஆஸ்லோவின் மருத்துவமனை ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பொறுமை ஓய்வுத் தொகைக்குக் கிடையாது. தவிர, விற்கும்போது இடைத்தரகு போகும். 2007ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஓவியம் விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் உண்டு.

தினமும் பார்க்க ஆசைப்பட்டு வாங்குவதானால், இது நல்ல நேரம். ஓவியர்களுக்கு இப்போது பேச நேரம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓவியங்களுக்கான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. ரசீதையும், ஓவியரின் கையெழுத்திட்ட சான்றையும் கேட்டு வாங்குங்கள். தாளோவியமானால் ஃபிரேமைத் திருப்பிப் பாருங்கள். தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, ஓரத்தில் மிளகளவு பழுப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, நம் கடற்காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: ஒரு கலைக்கூடத்திடம் ஆறு படங்களை விற்பனைக்குக் கொடுத்தேன். வியாபாரம் இல்லை என்று கூடத்தை மூடிவிட்டார்கள். படங்கள் திரும்பி வரவில்லை. அதில் ஒன்றைக் காலண்டரிலும் அச்சிட்டிருக்கிறார்கள்.
– ஒரு வாசகி, ஆலந்தூர்

பதில்: விற்பனைக்காக ஒப்படைத்த படம், விற்கும்வரை உங்களுடையதே. தலைப்பு, அளவு, ஒப்படைத்த தேதி, புகைப்படம் ஆகியவற்றோடு ஒரு பட்டியல் எழுதி, சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பித் திருப்பிக் கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். காலண்டர் வேறு விஷயம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுத்தில் உரிமை கொடுக்காத வரை அச்சிடும் உரிமை அவர்களுக்கு இல்லை. அதைத் தனிக் கடிதமாகவே அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு கடிதங்களின் நகலோடும் வழக்கறிஞரைப் பாருங்கள்.