கம்பி பூட்டிய காலுக்கு ஏன் இன்னும் ஒபரேஷன் இல்லை?

கேள்வி: மோட்டார் சைக்கிளில் வந்த என் கணவரை வான் ஒன்று அடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி ‘ஷாட்ஸ்கர் 6’ என்று எழுதியிருக்கிறார்கள். வெளியே கம்பி பூட்டிவிட்டு, வீக்கம் வற்றட்டும், பத்து நாள் பொறுங்கள் என்கிறார்கள். மாமா ஆஸ்பத்திரியில் டிக்கெட் வெட்டி வெளியே எடுத்துக்கொண்டு நாட்டு முறிவு வைத்தியரிடம் கொண்டுபோவோம் என்று ஒரே பிடியாக நிற்கிறார். இவர் திரும்பக் கடலுக்குப் போவாரா?
வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, அந்தக் காலை வார்ட்டை விட்டு எடுக்கவே வேண்டாம். 1979இல் டொரொன்டோவில் ஷாட்ஸ்கர் என்ற வைத்தியர், முழங்கால் மூட்டுக்குக் கீழெலும்பின் மேல்முனை உடைவதை ஆறு வகையாகப் பிரித்தார், அதில் ஆறாவது அது. முதல் மூன்றும் மூட்டின் வெளிப்பக்கம் பிளந்தோ அமிழ்ந்தோ போனவை, நாலு உட்பக்கம், ஐந்து இரண்டு பக்கமும். ஆறு என்றால் மூட்டைத் தாங்கும் மேற்பகுதி கீழ்த்தண்டிலிருந்தே கழன்றுவிட்டது. பலத்த அடியில்தான் இப்படி உடையும், அந்த அடி எலும்போடு நிற்காது, தோலையும் சதையையும் சேர்த்தே நசுக்கிவிடும்.

அதனால்தான் பொறுக்கச் சொல்கிறார்கள். வீங்கிக் கொப்புளம் போட்ட தோலை இப்போது வெட்டினால் காயம் மூடாது, கிருமி எலும்புக்குள் இறங்கிவிடும். கம்பி எலும்பை இழுத்துப் பிடித்திருக்க, ஒன்றிரண்டு கிழமையில் வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் தெரியும், பிறகு சி.டி. ஸ்கேனைப் பார்த்து மூட்டின் மேற்பரப்பை மட்டமாக்கி, பெரும்பாலும் இரண்டு பக்கமும் தகடு வைப்பார்கள். தோல் தேறாவிட்டால் காலைச் சுற்றி வெளியே பூட்டும் வளையக் கம்பியோடேயே ஆற விடுவதும் உண்டு.

மாமாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: இந்த நிலையில் எண்ணெய் போட்டு உருவி இறுக்கிக் கட்டினால் காலே போகலாம். கெண்டைச் சதைக்குள் அழுத்தம் ஏறினால் இரத்தம் ஓடாமல் சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போகிறதா, கால்விரலை மெல்ல மடக்கி நீட்டினாலே துடிக்கிறாரா, பாதம் மரத்துப்போகிறதா, நடுச்சாமம் என்றாலும் நேர்ஸை எழுப்புங்கள். நாடி தெரிகிறதே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது, நாடி இருக்கும்போதே இது நடக்கும்.

ஒபரேஷனுக்குப் பிறகு முழங்காலைச் சீக்கிரமே மடக்கிப் பழக்குவார்கள், வலிக்கிறது என்று விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிழமைக்குப் பாதம் ஊன்றி நடக்க விடமாட்டார்கள். சிகரெட், பீடி இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு பொருந்துவதை அது தாமதப்படுத்தும். கடலைப் பற்றிக் கேட்டீர்கள், பலர் வேலைக்குத் திரும்புகிறார்கள்தான், ஆனால் ஆடுகிற வள்ளத்தில் நின்று வலை இழுக்க, தரையில் நடப்பதை விடப் பல மாதம் கூட எடுக்கும், நன்றாகப் பொருந்திய மூட்டிலும் பிற்காலத்தில் தேய்மானம் வரலாம். கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்து எலும்பு பொருந்திவிட்டது என்று சொல்லும் வரை, வள்ளத்தைத் தள்ளிவிடக்கூடக் கரைக்கு விடாதீர்கள்.