அரசு ஃபைபர் வந்தால் கேபிள்காரரை விட்டுவிடலாமா?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் சின்ன கிராமம் எங்களுடையது. ஆறு வருடமாக உள்ளூர் கேபிள்காரரிடம் மாதம் 600 ரூபாய்க்கு நெட் வாங்குகிறோம். இப்போது பஞ்சாயத்து அலுவலகத்துக்கு அரசு ஃபைபர் வந்துவிட்டது. “இதிலே 399-க்கே கிடைக்கும், ஒரு வருடப் பணத்தைக் கட்டிவிடுங்கள்” என்று ஒருவர் வீடு வீடாக வருகிறார். எல்லோரும் மாறினால் தொழிலை மூட வேண்டியதுதான் என்கிறார் கேபிள்காரர். மாறலாமா?

பதில்: வருடப் பணத்தை இப்போது கட்டாதீர்கள். மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உங்கள் ஊருக்கு வந்திருப்பது பாரத்நெட் கேபிள். 2011-ல் தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க் என்ற பெயரில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலை மாநில அரசின் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் அரசு பணத்தில் போட்ட கேபிள் பெரும்பாலும் பஞ்சாயத்து வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு ஒயர் இழுக்கவும், காற்றில் அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரவும் ஊரில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாததால்தான் பல ஊர்களில் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நெட் பெட்டி வந்தும் சும்மா கிடந்தது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தபோது, உள்ளூர்க்காரர்களைக் கூட்டாளியாக்கி வருமானத்தில் பாதியைக் கொடுக்கும் முறையை விரிவாக்கியதும் இதற்காகத்தான். 399 என்பது அப்போது சொல்லப்பட்ட தொடக்க விலை. எந்த வேகத்துக்கு, 18% ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று வந்தவரிடம் கேளுங்கள்.

கேபிள்காரரின் புலம்பலிலும் நியாயம் உண்டு. 600 ரூபாயில் டவுனிலிருந்து நெட் கொண்டுவரும் செலவும், கம்பிச் செலவும், வரியும் போக அவர் கையில் நிற்பது கொஞ்சம்தான். தொலைத்தொடர்பு உரிமம் பெற்ற நிறுவனங்கள் கணக்கிடப்பட்ட வருவாயில் 5 சதவீதத்தை டிஜிட்டல் பாரத் நிதி என்ற மத்திய அரசு நிதிக்குக் கட்டுகின்றன. பாரத்நெட்டுக்குப் பணம் வருவது அந்த நிதியிலிருந்து. சின்ன நிறுவனங்களுக்கு இது, எதிர்க்கடைக்கு நாமே வாடகை கட்டுவது மாதிரி.

இருந்தாலும் பாரத்நெட்டுக்கு அரசு தரும் இந்த மானியம் அவரை ஒழித்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பாரத்நெட் ஃபைபரை எல்லா நிறுவனங்களும் பாரபட்சமில்லாமல் வாடகைக்கு எடுக்கலாம் என்பதுதான் திட்டத்தின் அடிப்படையே. டவுனிலிருந்து தனியாகக் கேபிள் இழுக்கிற செலவு குறைந்தால் உங்கள் ஆளே 600-ஐ இறக்கலாம். பாரத்நெட்டில் கூட்டாளியாகச் சேர முடியுமா என்று அவரை விசாரிக்கச் சொல்லுங்கள். கம்பம் எங்கே, யார் வீடு எங்கே என்று அவருக்குத்தானே தெரியும். சின்னவர்களுக்கு அடி விழுவது, மானியம் ஒரே நிறுவனத்தின் மாத விலையைக் குறைக்க மட்டும் போகும்போதுதான்.

உங்கள் வேலை எளிது. பழைய கனெக்‌ஷனை வைத்துக்கொண்டே புதியதை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒரு மழை பெய்யட்டும். அறுந்தால் எத்தனை நாளில் யார் வருகிறார் என்பது அப்போது தெரிந்துவிடும். ரவுட்டருக்கு டெபாசிட் கேட்டால், திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: இதே மாதிரி வீடு தேடி வந்தவரிடம் பணம் கட்டிவிட்டோம், கனெக்‌ஷன் வரவில்லை. கையில் துண்டுச் சீட்டுதான் இருக்கிறது.

பதில்: சீட்டில் ஏதாவது நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? இருந்தால் அதன் வாடிக்கையாளர் சேவையில் புகார் எண் வாங்குங்கள். சரிப்படாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. சீட்டில் நிறுவனப் பெயரே இல்லையென்றால், பணம் வாங்கியவருக்கு ஜிபே அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் முதலில் பத்திரப்படுத்துங்கள்.