குழலைத் தேய்ப்பதற்கு முன்னால்: ரிவால்வர் கேள்வி-பதில்

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் இந்த முறை வந்த கேள்விகளில் ‘ஃபயர் லேப்பிங்’தான் முன்னால் நிற்கிறது. லேப்பிங், ஹோனிங் (உலோகத்தைப் பொடியோ கல்லோ கொண்டு தேய்த்து வழவழப்பாக்கும் வேலைகள்) என்றால் என்னவென்று ஓசூர் பட்டறைகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் இந்த ஆசை வருவது இயல்புதான். அதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்குப் போகிறேன்.

லைசென்ஸோடு .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன், கான்பூர் தயாரிப்பு. ரேஞ்சில் 10 மீட்டரில் சுட்டால் ஆறு குண்டும் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறுகின்றன. ஃபயர் லேப்பிங் செய்தால் சரியாகுமா? (ஓசூர் வாசகர்)

முதலில் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடலாம். மென்மையான ஈயக் குண்டின் மேல் கார்பரண்டம் போன்ற தேய்ப்புப் பொடியை அழுத்திப் பதிய வைப்பார்கள். அதை மிகக் குறைந்த வெடிமருந்தில் குழல் வழியே சுடுவார்கள். முதலில் கொரகொரப்பான பொடி, அப்புறம் நைஸ், கடைசியில் அதைவிட நைஸ். குழலில் எங்கே இறுக்கம் இருக்கிறதோ அங்கே குண்டு அதிகமாக அழுந்தும், உலோகமும் அங்கேதான் அதிகம் தேயும். இறுக்கத்தைத் தாண்டிய குண்டு கொஞ்சம் சிறுத்துப் போயிருக்கும். மிச்சக் குழலை லேசாகத் தடவிக்கொண்டு வெளியே போய்விடும். ஆக, உள்ளே நுழையும் பக்கம் மயிரிழை அகலமாகவும் வாய்ப் பக்கம் மயிரிழை இறுக்கமாகவும் குழல் அமையும். ஈயக் குண்டுக்கு இப்படி அமைவது நல்லது.

இந்த முறையை அமெரிக்க ரிவால்வர்காரர்கள் விரும்புவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரூகர் போன்ற ரிவால்வர்களில் குழலின் பின்முனையில் மரை வெட்டி, துப்பாக்கியின் உடற்சட்டத்துக்குள் (ஃபிரேம்) திருகி இறுக்குவார்கள். இறுக்கும்போது மரை இருக்கும் இடத்தில் குழல் உள்பக்கமாக நெருங்கிவிடும். நெருக்கம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான். ஆனால் ஈயக் குண்டு அங்கே நசுங்கிச் சிறுத்துவிட்டால், அதற்குப் பிறகு குழலை நிறைத்துக்கொண்டு ஓடாது. பின்னாலிருந்து வரும் சூடான வாயு பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போகும், ஈயம் குழலில் அப்பும், குறி சிதறும். ஃபயர் லேப்பிங் சரி செய்வது பெரும்பாலும் இந்த ஒரு கோளாறைத்தான்.

உங்கள் கையில் இருப்பது வேறு சாதி. கான்பூர் .32 ரிவால்வர் பழைய பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்லியின் அமைப்பைப் பின்பற்றியது. நடுவில் மடித்துத் திறக்கிற வகை. வெப்லியில் குழலும் மேல்பட்டையும் ஒரே துண்டு, குழலைச் சட்டத்துக்குள் திருகும் வேலையே கிடையாது. திருகாத இடத்தில் மரை நெருக்கம் எங்கிருந்து வரும்? அமெரிக்க ரிவால்வருக்குச் சொன்ன வைத்தியத்தை இதற்குச் செய்தால், நன்றாக இருக்கும் குழலைக் காசு கொடுத்துத் தேய்த்துக்கொண்டதாகத்தான் முடியும். தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. நான் பதறுவது இதற்காகத்தான்.

அப்படியானால் ஒரு சாண் சிதறல் எங்கிருந்து வருகிறது? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இந்த ரிவால்வரின் குழல் நீளம் 3 அங்குலம்தான். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் சுமார் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குறி பார்க்கும்போது முன் சைட் 1 மி.மீ. நகர்ந்தால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 செ.மீ. தள்ளி விழும். வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை நகர்ந்தால் உங்கள் ஒரு சாண் வந்துவிட்டது. குழல் மேல் பழி போட இடமே இல்லை. ட்ரிகரை ஒரே இழுப்பாக இழுத்துச் சுடுகிறீர்கள் என்றால் அந்தப் பளுவில் சைட் 1 மி.மீ. அசையாமல் இருப்பதுதான் அதிசயம்.

எனவே முதல் சோதனை இதுதான். மேஜையில் மணல் மூட்டை போட்டு, மணிக்கட்டை அதன்மேல் தாங்கி, ஹேமரை (பின்னால் இருக்கும் தட்டும் சுத்தியலை) கையால் பின்னுக்கு இழுத்து வைத்து, நிதானமாகச் சுடுங்கள். ஒரே பெட்டித் தோட்டா, ஒரே தூரம். இப்படிச் சுட்டும் சிதறல் குறையவில்லை என்றால்தான் ஆயுதத்தைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் தொடங்க வேண்டிய இடம் குழல் அல்ல, சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் அமரும் அறைகள் கொண்ட சுழலும் உருளை. ஹேமரை இழுத்து நிறுத்திய நிலையில் சிலிண்டர் பக்கவாட்டில் ஆடுகிறதா, முன்பின் நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காலித் துப்பாக்கியில், லைசென்ஸ் உள்ள பழுதுக் கடையில் பார்க்க வேண்டிய வேலை இது. சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையில் சாதாரணமாக 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம். பக்கத்தில் நிற்பவர் மேல் ஈயத்தூள் தெறிக்கிறது என்றால், சிலிண்டர் அறை குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை என்று அர்த்தம். அதை எந்தத் தேய்ப்பும் சரி செய்யாது.

குழலின் உள்நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. துடைக்கும் கம்பியில் எண்ணெய் தொட்ட துணியைக் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றி, துப்பாக்கியை மடித்துத் திறந்து, பின்முனையிலிருந்து ஒரே வேகத்தில் தள்ளுங்கள். கைக்கு நன்றாகத் தெரியும். ஒரே சீராகப் போனால் குழல் நன்றாக இருக்கிறது. நடுவில் பிடித்து, அப்புறம் சட்டென்று இளகினால் அங்கே இறுக்கம் அல்லது அப்பிய ஈயம். பெரும்பாலும் ஈயம்தான். பித்தளை அல்லது வெண்கலக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள்.

கிரானைட் பாலிஷ் யூனிட் நடத்துகிறேன். எல்லா நம்பரிலும் கார்பரண்டம் பொடி கையில் இருக்கிறது. அண்ணனிடம் லைசென்ஸ் ரிவால்வர் உண்டு. நாங்களே பொடி ஏற்றிய தோட்டா தயாரித்துப் பார்க்கலாமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

கூடாது. உங்கள் அண்ணனுக்கு இருப்பது ஆயுதம் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ். தோட்டா தயாரிக்கவும் ஆயுதத்தைப் பழுது பார்க்கவும் அது செல்லாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, தயாரிப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் தனி லைசென்ஸ் கேட்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிரிவை மீறினால் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. தோட்டாவைப் பிரித்து மருந்தைக் குறைத்து, பொடி தடவிய குண்டை மேலே அமர்த்துவது சட்டத்தின் கண்ணில் தோட்டா தயாரிப்புதான். வீட்டு ஆள், சொந்தத் துப்பாக்கி என்பதெல்லாம் அங்கே நிற்காது.

சட்டத்தை விடுங்கள், கைக்கு ஆபத்து. குறைந்த மருந்தில் சுடும்போது குண்டு பாதிக் குழலில் நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. சத்தம் மட்டும் ‘புஸ்’ என்று வரும். வெளியே போய்விட்டது என்று நினைத்து அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். மேலை நாடுகளில் இதை அனுமதியோடு செய்பவர்கள்கூட ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள்.

உங்கள் தொழிலை வைத்தே ஒன்று சொல்கிறேன், உங்களுக்குச் சட்டென்று புரியும். பலகை வளைந்து வந்திருந்தால் எத்தனை நம்பர் பாலிஷ் போட்டாலும் வளைவு போகாது, வளைவு பளபளக்கும், அவ்வளவுதான். குழலும் அப்படித்தான். அளக்காமல் தேய்க்கக் கூடாது.

தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த ரிவால்வர் திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு. துடைத்தபிறகு சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றன. லேப்பிங் செய்தால் குழி போய்விடுமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

குழி என்பது உலோகம் இல்லாத இடம். அதைப் போக்க வேண்டுமானால் சுற்றியுள்ள நல்ல உலோகத்தை எல்லாம் குழியின் அடிவரை இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் குழல் குண்டைவிடப் பெரிதாகிவிடும். .32 குண்டின் விட்டம் சுமார் 7.9 மி.மீ., குழலோடு அது இறுகி ஓடினால்தான் சுழற்சி கிடைக்கும். ஆகவே குழியை அப்படியே விடுங்கள். அதன் ஓரங்களில் ஈயம் தங்கும், அதனால் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். நடுக்குழலில் சில குழிகள் இருந்தாலும் பல துப்பாக்கிகள் நன்றாகவே சுடுகின்றன. குழல் வாயின் விளிம்பை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே அரிப்போ நசுங்கலோ இருந்தால் குறி ஒரு பக்கமாக இழுக்கும். அதைக் கடையில் சீராக்கிக்கொள்ளலாம்.

அடுத்த தேர்தலுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். ஒப்படைப்பதற்கு முந்தின நாள் குழல், ஆறு அறைகள், வெளிப்புறம் எல்லாவற்றிலும் மெல்லிய மெஷின் எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துருவுக்குப் பாதிக் காரணம் அந்த உறைதான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பதில் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைக்க அனுமதி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள், அங்கே எண்ணெய் போட ஆள் இருக்கும். எங்கே கொடுத்தாலும் ரசீதில் ஆயுத எண்ணும் அன்றைய நிலையும் எழுதி வாங்குங்கள்.

மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். குழலை நைஸ் பேஸ்ட் போட்டு இழுத்தால் புள்ளி கூடும் என்கிறார் ஒருவர். (தர்மபுரி வாசகி)

அம்மா, அந்த ஆள் சொல்வதைக் கேட்காதீர்கள். போட்டிக்கான ஏர் பிஸ்டல் குழல் தொழிற்சாலையிலிருந்தே லேப்பிங் முடிந்துதான் வரும். பலவற்றில் வாய்ப் பக்கத்தை வேண்டுமென்றே மிகக் கொஞ்சம் இறுக்கி வைத்திருப்பார்கள். பேஸ்ட் போட்டு இழுத்தால் முதலில் போவது அந்த இறுக்கம்தான்.

செய்ய வேண்டியது பெல்லட் (ஏர் பிஸ்டலில் போடும் சின்னக் குண்டு) தேர்வு. 4.5 மி.மீ. என்று பொதுவாகச் சொன்னாலும் தலையளவு 4.49, 4.50, 4.51 என்று தனித்தனி டப்பாக்களில் கிடைக்கும். பிஸ்டலை அசையாமல் தாங்கி வைத்து ஒவ்வொன்றிலும் சிலவற்றைச் சுட்டுப் பாருங்கள். எது ஒரே துளையில் போகிறதோ அதே அளவை, முடிந்தால் அதே பேட்சில், சேர்த்து வாங்கிவையுங்கள். சுத்தம் செய்ய ஃபெல்ட் உருண்டை போதும். 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. நல்ல பிஸ்டலும் நல்ல பெல்லட்டும் அதைவிடச் சின்ன வட்டத்துக்குள் போடும். மிச்சம் மகளின் ட்ரிகர் விரலிலும் நிற்கும் நிலையிலும் இருக்கிறது. தினமும் பெல்லட் இல்லாமல் வெறும் சுவரைப் பார்த்துக் குறி வைத்து ட்ரிகர் இழுக்கச் சொல்லுங்கள். அதில் கிடைக்கும் முன்னேற்றம் எந்தப் பேஸ்ட்டிலும் கிடைக்காது.

இரட்டைக்குழல் 12 போருக்கும் ஃபயர் லேப்பிங் உண்டா? (தேன்கனிக்கோட்டை வாசகர்)

கிடையாது. அதில் ரைஃப்ளிங்கே, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள்வரிப் பள்ளங்களே, இல்லை.

பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய தாத்தாவின் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அவர் போன மாதம் தவறிவிட்டார். குழலைச் சுத்தம் செய்து வைக்க வழி சொல்லுங்கள். (பென்னாகரம் வாசகர்)

தம்பி, சுத்தம் அப்புறம். லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்தது, அவரோடு அது முடிந்துவிட்டது. இனி அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. லைசென்ஸ் புத்தகத்தோடு பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், சட்டத்தின் 21-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. வைத்துக்கொள்ள விருப்பம் இருந்தால் வாரிசு என்ற முறையில் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பிக்கலாம். ஒன்று முக்கியம்: உள்ளே பழைய மருந்தும் ரவையும் கெட்டித்தபடியே இருக்கலாம். நீங்கள் குச்சி விட்டுப் பார்க்காதீர்கள். ஒப்படைக்கும்போது அதைச் சொல்லி, தெரிந்தவரைக் கொண்டு எடுக்கச் செய்யுங்கள்.

பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர். மணல் மூட்டையில் தாங்கிச் சுட்டேன். ஐந்து குண்டு நெருக்கமாக விழுகின்றன, ஒன்று மட்டும் எப்போதும் இடப்பக்கம் போகிறது. குழலைத் தேய்க்கலாமா? (பர்கூர் வாசகர்)

நல்ல கேள்வி, பாதிச் சோதனையை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஆறு அறைகளுக்கும் மார்க்கர் பேனாவால் வெளியே எண் போடுங்கள். அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது முதல் அறையில் மட்டும் தோட்டா போட்டு ஐந்து தடவை ஓர் அட்டையில் சுடுங்கள், இரண்டாம் அறைக்கு வேறு அட்டை, இப்படியே ஆறு வரை. விலகுவது ஒரே அறைதான் என்றால் குழலுக்கு இதில் சம்பந்தமே இல்லை. ஆறு அறைகளுக்கும் குழல் ஒன்றுதானே.

அந்த அறையின் வாய் மற்றவற்றைவிடச் சின்னதாக இருக்கலாம், அல்லது அது குழலுக்கு நேராக வந்து நிற்காமல் இருக்கலாம். அறை வாய் குழலின் உள்விட்டத்தைவிட மிகச் சிறிதளவு பெரிதாக இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் குண்டு குழலுக்குப் போகும் முன்பே சிறுத்துவிடும். உங்கள் ரிவால்வரில் குழல் திருகியதுதான், மரை நெருக்கமும் இருக்கலாம். ஆனாலும் இந்த நிலையில் ஃபயர் லேப்பிங் செய்தால், பொடி ஏற்றிய குண்டும் அந்த அறையிலேயே சிறுத்து, குழலைச் சரியாகத் தேய்க்காமல் போகும். அறை வாய்களை அளந்து சமப்படுத்திய பிறகுதான் குழலைப் பற்றிப் பேச வேண்டும். அட்டைகள் ஆறையும் எண்ணோடு எடுத்துக்கொண்டு பழுதுக் கடைக்குப் போங்கள். வேலை தெரிந்தவர் அவற்றைப் பார்த்ததுமே எந்த அறையை முதலில் அளப்பது என்று சொல்லிவிடுவார்.