அப்பா பெயருக்கு வந்த பார்க்கிங் கடிதம்: யார் கட்ட வேண்டும்?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். அப்பா மார்ச் 6ஆம் திகதி காலமானார். அதற்கு மூன்று நாள் முன்பு, 3ஆம் திகதி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவருடைய காரை அண்ணாதான் ஓட்டினார். காசு கட்டிய நேரத்தையும் தாண்டி கார் அங்கேயே நின்றுவிட்டது. 10ஆம் திகதியிட்டு ஒரு தனியார் தரிப்பிட நிறுவனத்தின் கடிதம் அப்பா பெயருக்கு வந்தது: 100 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 60. அம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒருவரிடமும் சொல்லாமல் லாச்சிக்குள் வைத்துவிட்டார். இப்போது நினைவூட்டல் வந்திருக்கிறது. போதாததற்கு, ஏப்ரல் 5இல் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து மண்டபத்தில் சாப்பாடு கொடுத்தோம். அங்கே கார் நின்றதற்கும் அப்பா பெயருக்கே இன்னொரு கடிதம். கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வருமா என்று அம்மா பயப்படுகிறார். 'இறந்துவிட்டார்' என்று உறையில் எழுதித் திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்ப்போம். தனியார் தரிப்பிட நிறுவனத்துக்கும் சரி, அது ஏவிவிடும் கடன் வசூல் நிறுவனத்துக்கும் சரி, உங்கள் வீட்டுக்குள் கால் வைக்க அதிகாரம் கிடையாது. பெயிலிஃப் (கடனுக்காகப் பொருளைக் கைப்பற்ற வரும் அதிகாரி) வருவதென்றால் அதற்கு முன் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்க வேண்டும், அந்தத் தீர்ப்புத் தொகையும் கட்டாமல் கிடக்க வேண்டும். நீங்கள் அந்தக் கட்டத்துக்குக் கிட்டவும் இல்லை.

அப்பாவின் கடன் அம்மாவின் கடனும் ஆகாது. இங்கிலாந்தில் இறந்தவர் தன் பெயரில் வைத்துவிட்டுப் போன கடனை அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் தீர்ப்பார்கள். அதிலும் ஈமச்செலவு முந்தும். இப்படியான கட்டணம் வரிசையில் பின்னுக்குத்தான் நிற்கும். சொத்து மிஞ்சாவிட்டால் மனைவியோ பிள்ளைகளோ தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை.

சரி, கடிதங்களுக்கு வருவோம். தலைப்பை ஒருமுறை பாருங்கள். கவுன்சில் அனுப்புவது 'பெனல்டி சார்ஜ் நோட்டீஸ்', தனியார் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. இரண்டையுமே பிசிஎன் என்றுதான் சுருக்குகிறார்கள், பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். கவுன்சிலுடையது சட்டப்படியான தண்டம், அதன் வழி வேறு. தனியாருடையது, பலகையில் எழுதிய நிபந்தனையை மீறினாய், ஒப்பந்தப்படி காசு தா என்று கேட்கும் பில். அதற்காக அது சும்மா மிரட்டல் என்று நினைத்துவிடக் கூடாது. செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதியில் விதித்த 85 பவுண் கட்டணம் செல்லும் என்று 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே பெயருக்கு வந்தாலும் சட்டத்தில் ஒன்றல்ல. ஒரு தாளில் கார் நின்ற திகதி, அப்பா காலமான திகதி, கடிதம் கைக்கு வந்த திகதி என மூன்றையும் எழுதுங்கள். முதல் கடிதத்தில் கார் நின்றபோது அப்பா உயிரோடு இருந்தார். இரண்டாவதில் இல்லை. பதிலே அங்கேதான் பிரிகிறது.

ஆஸ்பத்திரிக் கடிதம்

கமெரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். நிறுவனம் வாகனப் பதிவை நடத்தும் அரச நிறுவனமான டிவிஎல்ஏக்கு 2.50 பவுண் கட்டி, லொக்புக்கில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) உள்ள பெயரையும் விலாசத்தையும் வாங்கும். யார் ஓட்டியது என்று அதற்குத் தெரியாது. ஓட்டியவர் யார் என்று தெரியாதபோது காரின் கீப்பரிடம், அதாவது அதை வைத்திருப்பவரிடம், காசு கேட்கலாம் என்று 2012இன் 'புரொடெக்‌ஷன் ஒஃப் ஃப்ரீடம்ஸ்' சட்டத்தின் 4ஆவது அட்டவணை இடம் கொடுக்கிறது. இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய விதி.

ஆனால் அந்த உரிமைக்கு நிபந்தனைகள் உண்டு. கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் நேரே தபாலில் அனுப்பினால், கார் நின்ற மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் கடிதம் வந்து சேர வேண்டும். உங்கள் கணக்கில் அது மார்ச் 17. தபாலில் போட்ட இரண்டாவது வேலைநாளில் வந்து சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 10ஆம் திகதிக் கடிதம் ஆகவே நேரத்துக்கு வந்துவிட்டது. இதே கடிதம் 20ஆம் திகதி வந்திருந்தால் கீப்பர் பொறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை வாசிக்கும் மற்றவர்கள் தங்கள் உறையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கீப்பருக்கு 'கொடுக்க' வேண்டிய கடிதம் அவர் காலமாகி நாலு நாள் கழித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அது அவருக்குக் கொடுத்ததாகுமா? வாதாட இடமுண்டு. ஆனால் என் அபிப்பிராயத்தில் அதை முதலில் எடுக்க வேண்டாம். உங்களுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது: ஆஸ்பத்திரி.

அந்த இடம் ஆஸ்பத்திரியுடையது. தரிப்பிட நிறுவனம் அவர்களுக்காக வேலை செய்வது. இடத்துக்குச் சொந்தக்காரர் நீக்கச் சொன்னால் நிறுவனம் பொதுவாக மறுக்காது. என்எச்எஸ் ஆஸ்பத்திரிகளில் 'பால்ஸ்' என்ற நோயாளர் உதவிப் பிரிவு இருக்கும். அங்கே மின்னஞ்சல் போடுங்கள். அப்பாவை எந்த வார்டில், எத்தனை மணிக்குச் சேர்த்தார்கள், எப்போது நிலைமை மோசமானது, எப்போது காலமானார் என்று நாலு வரி போதும். கார் நம்பரையும் கடிதத்தின் இலக்கத்தையும் சேர்த்து, இதை நீக்கச் சொல்லித் தரிப்பிட நிறுவனத்துக்கு அறிவிக்கும்படி கேளுங்கள். கடுமையாக நோயுற்றவர்களின் உறவினருக்குச் சலுகை வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் பல உண்டு. சலுகை இருப்பதை அந்த நேரத்தில் ஒருவரும் சொல்வதில்லை, கேட்கும் நிலையில் நாமும் இருப்பதில்லை. வார்டு சிஸ்டரிடம் அன்றைய நிலைமையை ஒரு வரி எழுதி வாங்க முடிந்தால் நல்லது.

அதோடு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். முறைப்பாட்டுக்கு வழக்கமாகத் தரும் 28 நாள் கடந்துவிட்டது உண்மைதான். ஆனால் வீட்டில் சாவு நடந்ததால்தான் தாமதம் என்று சொல்லி, அதை ஏற்று விசாரிக்கும்படி கேளுங்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், உள்ளடக்கம் இவ்வளவுதான்: நான் இன்னாரின் மகள். அவர் இந்தத் திகதியில் காலமானார், மரணச் சான்றிதழின் பிரதி இத்துடன். கார் நின்றபோது அவர் உங்கள் தரிப்பிடத்தை அடுத்த ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருந்த நோயாளி, காரை ஓட்டியவர் அவரல்லர். இந்தக் கட்டணத்துக்கு நான் பொறுப்பேற்கவில்லை. இனி அவர் பெயருக்கு எதுவும் அனுப்ப வேண்டாம், எழுத வேண்டுமானால் இந்த மின்னஞ்சலுக்கு எனக்கு எழுதுங்கள். சான்றிதழின் மூலப்பிரதியை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள்.

அந்தக் கடிதத்தில் 'அண்ணா ஓட்டினார்' என்று நான் எழுதச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பொலிஸ் கேட்டால் சொல்லத்தான் வேண்டும். தனியார் நிறுவனத்திடம் அப்படிச் சொல்லும் கடமை கிடையாது. 'காரை ஓட்டியவர்' என்றே எழுதுங்கள். ஆனால் பொய் வேண்டாம். சில வீடுகளில், போனவர் மேலேயே போட்டுவிடுவோம், அவரை யார் பிடிக்கப் போகிறார்கள் என்று 'அப்பாதான் ஓட்டினார்' என்று எழுதிவிடுகிறார்கள். பொய் என்பது ஒருபுறம். ஓட்டுநரின் ஒப்பந்தக் கடன் சாவோடு மறைந்துபோவதில்லை. அப்படி எழுதுவது அப்பாவின் சொத்தின் மேல் கடனை நீங்களே எழுதி வைப்பதாகும்.

நிறுவனம் மறுத்துவிட்டால் கடிதத்தில் உள்ள சங்கச் சின்னத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் என்றால் மேல்முறையீடு பொப்லாவுக்கு, இன்டர்நேஷனல் பார்க்கிங் கொம்யூனிட்டி என்றால் ஐஏஎஸுக்கு. இரக்கத்துக்கு மட்டும் பொப்லா கட்டணத்தை நீக்காது, விதியைத்தான் பார்க்கும். பால்ஸை முதலில் பிடிக்கச் சொன்னது அதனால்தான்.

எல்லாம் பார்த்த பிறகு, நூறு பவுணோடு இந்த அலைச்சல் ஒழியட்டும் என்று அண்ணாவுக்குத் தோன்றினால் அதுவும் தப்பில்லை. அப்போது ஓட்டியவராக அவரே கட்டட்டும். அப்பாவின் சொத்திலிருந்து எடுக்க வேண்டாம்.

மண்டபக் கடிதம்

இது சுலபம். கார் நின்ற நேரத்தில் அதை வைத்திருந்தவர் யாரோ அவரே சட்டத்தின் கண்ணில் கீப்பர். லொக்புக்கில் பெயர் உள்ளவரை அப்படி ஊகித்துக்கொள்ளலாம், மாறாக நிரூபிக்கப்படாதவரை. மார்ச் 6இல் காலமானவர் ஏப்ரல் 5இல் கார் வைத்திருக்க முடியாது. மரணச் சான்றிதழே நிரூபணம். பிரதியை வைத்து, 'சம்பவ நாளில் இவர் கீப்பர் அல்ல' என்று இரண்டு வரி எழுதுங்கள். இதற்கு 28 நாள் இன்னும் முடியவில்லை, இந்த வாரமே அனுப்புங்கள். மண்டபக்காரருக்கும் ஒரு போன் போடுங்கள். விருந்தினர் கார் நம்பரைப் பதிய அங்கே ஒரு தொடுதிரை வைத்திருப்பார்கள். பந்தி பரிமாறும் அவசரத்தில் அதை யார் கவனித்தார்கள்? மண்டபம் எடுத்தவர் நீங்கள் என்பதால் அவர்களே சொல்லி நீக்கிவிடக் கூடும்.

திருப்பி அனுப்பலாமா?

வேண்டாம். உறையில் எழுதித் திருப்பி அனுப்பினால் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு உங்களிடம் சாட்சி இருக்காது. கணினி அதன் பாட்டில் அடுத்த கடிதத்தை அடிக்கும். வசூல் நிறுவனத்துக்குப் போனதும் 70 பவுண் கூட்டி 170 என்று கேட்பார்கள், சிவப்பு எழுத்து வரும். அவற்றுக்கும் அதே பதிலின் பிரதியை அனுப்பிவிட்டுக் கோப்பில் போடுங்கள். விழித்துக்கொள்ள வேண்டிய உறைகள் இரண்டுதான். ஒன்று வழக்குப் போடுமுன் வரும் எச்சரிக்கைக் கடிதமான 'லெட்டர் பிஃபோர் கிளெய்ம்', அதற்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. மற்றது வழக்குப் போட்டதும் வரும் நீதிமன்றத்தின் கிளெய்ம் ஃபோர்ம். அது வந்து 14 நாளுக்குள், கிடைத்தது என்று மட்டும் நீதிமன்றத்துக்கு அறிவித்தால் எதிர்வாதத்துக்கு மொத்தம் 28 நாள் கிடைக்கும். அப்பா பெயரில் வந்தாலும் அதை மட்டும் லாச்சிக்குள் வைக்க விடாதீர்கள். இறந்தவர் பெயரில் ஒரு தீர்ப்பு விழுந்தால், பிறகு அதை நீக்க அலைவது சொத்து அலுவலைப் பார்ப்பவர்தான்.

காரைப் பற்றி ஒரு வார்த்தை

நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனால் எனக்குக் கட்டணத்தைவிட இதுதான் கவலை. ஏப்ரல் 5இல் அந்தக் கார் எந்தக் காப்புறுதியில் ஓடியது? அப்பா பெயரில் இருந்த பொலிசி அவர் காலமானதும் பெரும்பாலும் செல்லாமல் போய்விடும், அதில் பெயர் சேர்த்திருந்த அண்ணாவின் பாதுகாப்பும் அதோடு போகலாம். காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுணும் லைசன்ஸில் 6 புள்ளியும். வாகன வரியும் அப்பா கட்டியது புதியவருக்குத் தொடராது. ஆகவே இன்றே கம்பனிக்கு அழைத்துக் கேளுங்கள், அதுவரை கார் வீட்டு முற்றத்தில் நிற்கட்டும். அப்பாவிடம் ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பிட அட்டை) இருந்தால் கண்ணாடியிலிருந்து எடுத்துக் கவுன்சிலுக்குத் திருப்பிக் கொடுங்கள். அவர் இல்லாமல் அதைப் பாவித்தால் 1,000 பவுண் வரை தண்டம் வரும்.

மரணத்தைப் பதிந்தபோது 'டெல் அஸ் வன்ஸ்' என்ற அரச சேவை மூலம் எல்லா இடத்துக்கும் சொல்லியாயிற்று என்று நினைப்பீர்கள். லொக்புக் அதில் தானாகப் புதியவர் பெயருக்கு மாறாது. காரை அண்ணா வைத்துக்கொள்வதென்றால், அப்பாவின் லொக்புக் புதிய வகையாக இருந்தால் அதில் 2ஆம் பகுதியை நிரப்பி, அப்பாவுக்கு என்ன உறவு, எப்போது காலமானார், மீதி வரிப்பணம் யாருக்கு வர வேண்டும் என்று ஒரு கடிதமும் வைத்து, ஸ்வான்சியில் உள்ள டிவிஎல்ஏயின் சென்சிடிவ் கேஸ்வேர்க் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புமுன் பச்சைத் துண்டைக் கிழித்து அண்ணா கையில் வைத்துக்கொள்ளட்டும். புதிய லொக்புக் வரும்வரை வாகன வரி கட்ட அதில் உள்ள இலக்கம்தான் தேவைப்படும்.