ஜனநாயகத்தை நியாயப்படுத்துவது அது சரியான முடிவுகளை எடுக்கும் என்பதுதானா?

அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அதை மட்டும் நம்பி நின்றால் ஜனநாயகம் தோற்றுப்போகும்.

பெரும்பான்மை சரியாக முடிவெடுக்கும் என்பதற்கான வலுவான வாதம் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ 1785இல் வைத்தது. ஆம், இல்லை என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் சரியாகச் சொல்ல 60 சதவீத வாய்ப்பு இருந்தால், 101 பேரின் பெரும்பான்மை சரியாக இருக்க ஏறக்குறைய 98 சதவீத வாய்ப்பு. ஆனால் ஒவ்வொருவரும் தானாக யோசித்து வாக்களிக்க வேண்டும். எல்லாரும் ஒரே மேடைப் பேச்சுக்குப் பின்னால் போனால் கணக்குக் கவிழ்ந்துவிடும். வாய்ப்பு பாதிக்குக் கீழே இறங்கினாலோ, ஆள் கூடக் கூடப் பிழைதான் உறுதியாகும்.

எங்கள் இலங்கையில் பார்த்ததுதானே. 1956இல், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டம் நாடாளுமன்றப் பெரும்பான்மையோடுதான் நிறைவேறியது. அதே வருடம் ஓகஸ்ட்டில் தமிழரசுக் கட்சி இங்கே திருகோணமலையில் மாநாடு கூட்டி, சமஷ்டி என்ற கூட்டாட்சியும் மொழிச் சமத்துவமும் கேட்டது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 ஆயிற்று. முடிவு சரியா பிழையா என்பதுதான் அளவுகோல் என்றால், வாக்குரிமையே வேண்டாம் என்று 56இலேயே சொல்லியிருக்கலாம். இங்கே கூடியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எங்களைப் பற்றிய முடிவில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள்.

இனி மறுபக்கம். உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. அந்த இடைவெளியில் அதிகாரிகளே நிர்வாகம். அப்போது எங்கள் ஒழுங்கையில் வடிகான் கட்டினார்கள். நல்ல வேலை, மாரி மழைக்கு வாசலில் தேங்கிய தண்ணீர் இப்போது நிற்பதில்லை. ஆனால் கான் எந்தப் பக்கத்தால் போகும், யாருடைய மதில் உடையும், மேலே சிலாப் எப்போது போடுவார்கள் என்று கேட்க ஆளில்லை. முன் வீட்டு அம்மம்மா கிழமைக்கணக்காக ஒரு பலகைக்கு மேலால்தான் தெருவுக்கு வந்தார். முடிவு சரி. ஆனால் கேட்க உரிமையுள்ளவர்களை யாரும் கேட்கவில்லை, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கிழக்கு மாகாண சபையின் காலமும் 2017இல் முடிந்து, அதன்பின் ஆளுநர்கள்தான் நடத்துகிறார்கள். அவர்கள் நல்ல முடிவுதானே எடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், சரி, எடுக்கட்டும், தேர்தல் எப்போது என்றுதான் நான் கேட்பேன்.